பாக்கியும் வசூலும்

கேள்வி: அரபு நாவல்கள் ஆங்கிலம் வழியாகத்தானே தமிழுக்கு வருகின்றன? பாதிச் சுவை போய்விடாதா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: போகும்தான், முக்கியமாக வசனத்தில். அரபியில் எழுத்துமொழி வேறு, வீட்டுப் பேச்சு வேறு, நம்மைப் போலத்தான். 1988இல் நோபல் பெற்ற எகிப்திய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸ், கெய்ரோ சந்துவாசிகளைக்கூட எழுத்துமொழியிலேயே பேச வைத்தார். உங்கள் பெரம்பூர் ஆட்டோக்காரர் 'யான் மீட்டர் இடேன்' என்பது மாதிரி! ஆங்கிலத்தில் அந்த விறைப்பு தெரியாது. அதற்காகப் படிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஓமன் எழுத்தாளர் ஜோகா அல்ஹார்த்தி 2019இல், ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசை வாங்கியபோது, 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் மர்லின் பூத்துக்குப் போனது. எனக்கோ, நான் முதலில் மொழிபெயர்த்த புத்தகத்தின் பாக்கியே இன்னும் வசூலாகவில்லை. பாக்கி, வசூல் இரண்டுமே அரபியிலிருந்து வந்தவைதான்.