வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, ஒரு சிறிய பிளாக்செயின் சமூகத்தின் பொதுநிதிக்குச் சாவி வைத்திருக்கும் ஐந்து பேரில் நானும் ஒருவன். மூன்று பேர் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். ஒவ்வொரு பிளாக்கிலும் உருவாகும் புதுக் காயினில் பத்தில் ஒரு பங்கு இந்த நிதிக்கு வருகிறது. எங்கள் நோடு மென்பொருளை (சங்கிலியைச் சரிபார்த்து ஓட்டும் மென்பொருள்) ஆரம்பத்திலிருந்தே எழுதிவருபவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நோடைப் பராமரிக்கவும் புது மொபைல் வாலட் எழுதவும் சேர்த்து, அவருக்கு மாதம் இத்தனை காயின் என்று ஓராண்டுக்கு வாக்கெடுத்து ஒப்புக்கொண்டோம். ஒன்பது மாதம் ஆகிறது, வாலட் வரவில்லை. கேட்டால் "வேலை போய்க்கொண்டிருக்கிறது" என்கிறார். காயின் விலையோ பாதிக்கும் கீழே போய்விட்டது. போன மாதம் என்னிடம் மட்டும், "கட்டுப்படியாகவில்லை தம்பி, வெளியே ஒரு வேலை எடுத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்றார். இப்போது ஒருவர், கமிட் (மென்பொருளில் பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றமும்) எண்ணிக்கைக்குத் தகுந்தபடி சம்பளம் என்று தீர்மானம் கொண்டுவருகிறார். இன்னொரு கூட்டம் ஆளை மாற்று, இல்லாவிட்டால் ஃபோர்க் செய்வோம், அதாவது மென்பொருளை நகலெடுத்துத் தனிச் சங்கிலியாகப் பிரிந்துபோவோம் என்கிறது. கோட் எழுதவே அவரிடம்தான் கற்றேன். இந்த மாதச் சம்பளத்துக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்து. போடலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது "யாரிடமும் சொல்லாதே" என்ற இடத்தைத்தான். மற்றதெல்லாம் பணக் கணக்கு, உட்கார்ந்து பேசினால் தீரும். இது உங்களை உள்ளுக்குள் அரிக்கிறது. அதனால் முதலில் இதைப் பார்ப்போம்.

தம்பி என்ற உரிமையில் அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசினார். ஆனால் கேட்ட நீங்கள் சாவிக்காரர். மற்ற நான்கு பேருக்கும் தெரியாத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால், நாளைக்கு விஷயம் வெளியே வரும்போது அவர் பெயரோடு உங்கள் பெயரும் கெடும். அதற்காக அவரைக் காட்டிக்கொடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கே அவரை அழைத்துப் பேசுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம், குரலில் பேசுங்கள். "அண்ணா, நீங்கள் சொன்னதை மறைத்துவைத்துக்கொண்டு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. வியாழனுக்குள் நீங்களே மற்ற நாலு பேரிடமும் சொல்லிவிடுங்கள், நானும் கூட இருக்கிறேன். சொல்லாவிட்டால் இந்த மாதம் நான் விலகிக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். அவர் உங்களுக்குக் குரு என்பதையும் சாவிக்காரர்களிடம் நீங்களே சொல்லிவையுங்கள். பிறகு யாராவது தோண்டி எடுத்துச் சொன்னால் நீங்கள் செய்த நல்லதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

வெளி வேலை எடுத்ததற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. வாக்கெடுத்த நாளில் முழுச் சம்பளமாக இருந்தது இன்று அரைச் சம்பளமாகக்கூட இல்லை. நீங்கள் யாரும் குறைக்கவில்லைதான், ஆனாலும் அவர் கையில் குறைந்துவிட்டது. காயின் எண்ணிக்கையை வைத்துச் சம்பளம் பேசிய பல சமூகங்கள் இதில் அடிபட்டிருக்கின்றன. டாஷ் என்ற காயின் திட்டம் 2015 முதல் பிளாக் ரிவார்டில் (ஒவ்வொரு பிளாக்கிலும் உருவாகும் புதுக் காயினில்) 10 சதவீதத்தை இதுபோன்ற நிதிக்கு ஒதுக்கியது. 2017 டிசம்பரில் ஒரு டாஷ் ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. அடுத்த டிசம்பரில் நூறு டாலருக்கும் கீழே. நிதிக்கு வரும் காயின் ஏறக்குறைய அதேதான், அதை நம்பிச் சம்பளம் வாங்கியவர்கள் நிலைமை வேறு. டிகிரெட் என்ற திட்டம் இதை வேறு விதமாகக் கையாண்டது. அங்கே வேலை செய்பவர் மணிக்கணக்கை டாலரில் பில்லாக அனுப்புவார். அந்த மாதத்தின் சராசரி விலையில் அதற்குரிய காயின் கொடுக்கப்படும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் சுமையை நிதி தாங்குகிறது, தனி மனிதர் தாங்குவதில்லை. நீங்களும் அடுத்த ஒப்பந்தத்தை நிலையான பணத்தில் பேசுங்கள். ஆறு மாதச் சம்பளத்துக்கானதை, விலை நன்றாக இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேபிள்காயினில் (டாலர் போன்ற பணத்தோடு விலையைக் கட்டிவைத்த காயின்) வைத்தால் அதன் பின்னால் என்ன சொத்து இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். 2022 மே மாதம் டெர்ரா திட்டத்தின் யுஎஸ்டி (UST) என்ற ஸ்டேபிள்காயின் சில நாட்களிலேயே சரிந்தபோது, ஸ்டேபிள் என்ற பெயர் அதை வைத்திருந்த யாரையும் காப்பாற்றவில்லை.

கமிட் எண்ணிக்கைக்குச் சம்பளம் என்ற தீர்மானத்தை மட்டும் எப்பாடுபட்டாவது தடுத்துவிடுங்கள். தீர்மானம் கொண்டுவருபவர் கெட்டவர் இல்லை. கணக்குக் கேட்க அவருக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை, அதனால் எண்ணக்கூடியதை எண்ணுகிறார். அவரிடம் இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். 2018 செப்டம்பரில் பிட்காயினின் முக்கிய நோடு மென்பொருளான பிட்காயின் கோரில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே காயினை ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு முறை செலவழிக்கும் ஒரு பிளாக்கை ஒரு மைனர் (பிளாக்குகளை உருவாக்குபவர்) உருவாக்கினால், பிழை இருந்த பதிப்பை ஓட்டும் நோடு படுத்துவிடும், அல்லது அதை ஏற்றுக்கொண்டு இல்லாத காயினை உண்டாக்கிவிடும். 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் கிடையாது என்ற வாக்கே பொய்யாகியிருக்கும். அந்தப் பிழை எப்படி உள்ளே வந்தது தெரியுமா? ஒரே சோதனை இரண்டு இடத்தில் நடக்கிறது, ஒன்றை எடுத்தால் வேகம் கூடும் என்று 2016-இல் செய்த ஒரு மாற்றத்தால். திருத்தமோ, ஒரு ஃபங்ஷனுக்குள் அனுப்பிய "ஃபால்ஸ்" என்ற சொல்லை "ட்ரூ" என்று மாற்றியது. ஒரே சொல்! கண்டுபிடித்தவர், பிட்காயினிலிருந்து பிரிந்துபோன பிட்காயின் கேஷ் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் சத்தமில்லாமல் தகவல் சொன்னதால் பிட்காயினில் எந்தச் சேதமும் நடக்கவில்லை. கமிட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்திருந்தால், பிழையைக் கொண்டுவந்தவருக்கும் அதைத் திருத்தியவருக்கும் ஒரே கூலி. பழைய கோட் வரிகளை இரவெல்லாம் படித்துக் கண்டுபிடித்தவருக்கு ஒன்றுமே இல்லை.

நானும் இப்படி அளக்கப்பட்டிருக்கிறேன். ஒரு திறந்த மூல மென்பொருள் நூலகத்தை நான் பராமரித்துக்கொண்டிருந்தபோது, நிதி கொடுத்த குழு திடீரென்று மாதாமாதம் கமிட் எண்ணிக்கையைக் கேட்க ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் நானே ஒரு திருத்தத்தை நான்காக உடைத்து அனுப்பினேன். எண்ணிக்கை ஏறியது, பாராட்டுக் கடிதமும் வந்தது. அதே மாதம், புதிதாக வந்த ஒருவர் அனுப்பிய நல்ல திருத்தம் ஒன்று நான் படித்துப் பார்க்காமல் கிடந்தது. ஏனென்றால் அடுத்தவர் எழுதிய கோட் வரிகளைப் படிப்பது என் கணக்கில் ஏறாது. அவர் திரும்ப வரவே இல்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அப்படியானால் கணக்கே கேட்கக் கூடாதா? கேட்டே ஆக வேண்டும், அது ஊர்ப் பணம். ஆனால் நீங்கள் வாக்கெடுத்த வாசகத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். பராமரிப்பும் வாலட்டும் ஒரே வரியில், ஒரே தொகையில் கிடக்கின்றன. சமூகம் செய்த தப்பு அதுதான், அதைச் சமூகம் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் பேச்சு நேராகும். பராமரிப்பு என்பது காவல் மாதிரி. திருடன் வராத மாதத்திலும் காவல்காரருக்குச் சம்பளம் உண்டு. அதற்கு மாதச் சம்பளம்தான் சரி. வாலட் என்பது வீடு கட்டுவது மாதிரி. அதற்கு அஸ்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகப் பணம் போக வேண்டும். மோனெரோ என்ற காயினின் சமூகம் தன் நன்கொடைத் திட்டத்தில் அப்படித்தான் செய்கிறது. செய்யப்போவதை எழுதிவைக்க வேண்டும், எல்லோரும் படித்துக் கேள்வி கேட்பார்கள், பணம் சேர்ந்த பிறகும் அந்தந்தக் கட்டம் முடிந்தால்தான் அந்தந்தப் பங்கு கைக்கு வரும்.

கட்டத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "வாலட் 50 சதவீதம் முடிந்தது" என்று எழுதினால் சண்டைதான் வரும். இப்படி எழுதுங்கள்: அவரல்லாத இன்னொருவர், வெளியிட்ட கோட் வரிகளிலிருந்து தானே ஆப்பை பில்ட் செய்து, தன் போனில் ஏற்றி, டெஸ்ட்நெட்டில் (சோதனைக்கான தனி வலையில்) காயின் அனுப்பினார், வாங்கினார். பிறகு ஆப்பை அழித்துவிட்டு, எழுதிவைத்த பன்னிரண்டு சொற்களைக் கொடுத்து அதே வாலட்டை இன்னொரு போனில் மீட்டார், பாக்கி ஒரு புள்ளி பிசகாமல் வந்தது. இது நடந்ததா இல்லையா என்று கோட் தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம்.

பராமரிப்புக்கு இப்படிச் சோதனை வைக்க முடியாது. அதற்கு மாதம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எதைப் பார்த்தேன், எது தடைபட்டது, அடுத்த மாதம் எது, எதைச் செய்ய முடியாமல் போனது. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதைத் தண்டனை இல்லாமல் கேட்டிருந்தால், ஒருவேளை அவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்னதை நான்காம் மாதமே எல்லோரிடமும் சொல்லியிருப்பார். சில வேலையை அறிக்கையில் எழுதவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜீகேஷ் என்ற காயினில் கள்ளக் காயினை உண்டாக்க வழிவிடும் ஓட்டை ஒன்று 2018 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபரில் வந்த சாப்லிங் மேம்பாட்டோடு சேர்த்து அதை மூடினார்கள். உலகத்துக்குச் சொன்னது 2019 பிப்ரவரியில். நடுவில் இருந்த மாதங்களில் "என்ன வேலை செய்தீர்கள்" என்று கேட்டிருந்தால், உண்மையைச் சொல்வதே ஆபத்து. அதனால் கோட் படிக்கத் தெரிந்த, சம்பளப் பட்டியலில் அவருக்குக் கீழே இல்லாத இரண்டு பேரை நியமியுங்கள். ரகசிய வேலை இருக்கும் மாதத்தில் "பார்த்தோம், வேலை நடந்திருக்கிறது" என்று அவர்கள் சொன்னால் போதும்.

அந்த இருவருக்கும் சம்பளம் கொடுங்கள். நேரம் கிடைத்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் சங்கிலி முழுக்க ஒரே மனிதர் தலையில் நிற்கிறது. எனக்கு வாலட் தாமதத்தைவிட அதுதான் பயம். இரண்டாவது ஆள் ஒரு வருடம் ரிவ்யூ செய்தாலே மூளையிலிருந்து காகிதத்துக்கு வராத பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

ஆளை மாற்று என்பவர்கள் எக்ஸ்இசட் சம்பவத்தைப் படித்துப் பார்க்கட்டும். கோப்புகளைச் சுருக்கும் அந்தச் சிறு மென்பொருளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்தார். யார் யாரோ வந்து, வேலை நடக்கவில்லை, பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடு என்று நெருக்கினார்கள். உதவி செய்ய ஒருவர் தயாராக நின்றார். இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபடியாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தார். 2024-இல் அதற்குள் பின்வாசல் வைத்தது அவர்தான். சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அகப்பட்டது. காயின் புழங்கும் இடத்தில் இப்படி வருகிறவர்கள் அதிகம். கோபத்தில் சாவியைப் பிடுங்கிப் புதியவரிடம் கொடுக்காதீர்கள்.

ஃபோர்க் செய்வது யாருடைய உரிமையும்தான். ஆனால் பிட்காயின் கேஷ் 2020 நவம்பரில் பிரிந்ததில் பெரிய பங்கு இதே கேள்விக்குத்தான்: டெவலப்பர்களுக்குப் பிளாக் ரிவார்டிலிருந்து 8 சதவீதம் கட்டாயமாகக் கொடுப்பதா வேண்டாமா. கொடுக்கலாம் என்ற பக்கம் சிறுபான்மையாகித் தனிச் சங்கிலியானது, இன்று ஈகேஷ் என்ற பெயரில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தாக்குப்பிடிக்க அவர்களிடம் ஆள் இருந்தது. உங்களிடம் இருப்பது ஒருவர்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நிறுத்திவைக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு மாதம் என்று வாக்கு சொல்லியிருக்கிறது. சாவிக்காரர்கள் வாக்கை முந்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் திட்டம் உதாரணம். 75 கோடி டோக்கன் விஷயத்தில் வாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே ஃபவுண்டேஷன் கை வைத்துவிட்டது தெரிந்ததும், எழுந்த எதிர்ப்பில் தீர்மானத்தையே பிரித்து எழுத வேண்டியதாயிற்று. வியாழனன்று அவர் பேசியதும், அவருடைய சம்மதத்தோடு இந்த மாதத் தொகையில் பாதியைப் பராமரிப்புக்காக அனுப்புங்கள். மறுபாதி வாலட்டின் பெயரில் நிதியிலேயே நிற்கட்டும். அந்தச் சம்மதத்தை அவரே எல்லோரும் பார்க்கும்படி எழுதட்டும். சம்மதிக்காவிட்டால் முழுத் தொகைக்கும் கையெழுத்திட்டுவிட்டு, ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை அன்றே வாக்குக்கு விடுங்கள். வாலட்டை அவரால் எழுத முடியாது என்றால் அதை வேறு ஒருவருக்குத் திறந்துவிடுவதும் அதே தீர்மானத்தில் இருக்கட்டும்.

இன்று அவரை அழைக்கும்போது வாலட்டிலிருந்து பேச்சை ஆரம்பிக்காதீர்கள். புது வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கிறது, தூங்குகிறாரா என்று கேளுங்கள். ஒன்பது மாதமாக அவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.