பத்துப் பரப்புக் காணி, ஐந்து வீடு: பங்காளரையும் அயலையும் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: நான் ஏழு வருடமாகக் கொந்தராத்து வேலை செய்கிறேன். இதுவரை மற்றவர்களின் வீடுகளைத்தான் கட்டிக் கொடுத்தேன். இப்போது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பெரியம்மாவின் பத்துப் பரப்புக் காணியில் ஐந்து வீடு கட்டி, இரண்டை அவர்களுக்குக் கொடுத்து மூன்றை விற்கலாம் என்று பேச்சு. காணியில் பெரியம்மாவுக்கும், கனடாவில் இருக்கும் அவருடைய இரண்டு சகோதரங்களுக்கும் பங்கு உண்டு. ஒழுங்கைக்காரர் இப்போதே 'லொறி விடமாட்டோம்' என்கிறார்கள். ஹாட்வெயார் முதலாளி ஒருவர் எவ்வளவு சாமானும் கடனுக்குத் தருவதாகச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடனுக்குச் சாமான் தருகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டு நாளைக்கே அத்திவாரம் வெட்டிவிடாதீர்கள். அதுதான் என் முதல் வேண்டுகோள். இப்படித் தொடங்கி லிண்டலோடு, அதாவது கதவு யன்னலின் மேல்மட்டத்தோடு, நின்றுபோன வீடுகளை வலிகாமம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை காசு இல்லாமல் நின்றவை அல்ல. 'இடையில் குழம்பினால் என்ன செய்வோம்' என்று தொடக்கத்தில் ஒருவரும் பேசாததால் நின்றவை. சொந்தக்காரர்களுக்குள் அதைப் பேசக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் காணிக்காரர், அயலவர், கடைக்காரர் மூன்று பேரோடும் அந்தப் பேச்சைத்தான் முதலில் பேச வேண்டும்.

காணியில் இருந்து வருவோம். பத்துப் பரப்பு என்று பெரியம்மா சொல்வதை உறுதியில் பாருங்கள். பழைய உறுதிகளில் வரகுப் பரப்பா நெற்பரப்பா என்று எழுதியிருப்பார்கள். வரகுப் பரப்பு 18 குழி, ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு. நெற்பரப்பு 12 குழி, ஏக்கருக்கு 24 பரப்பு. ஒரு ஏக்கர் 160 பேர்ச் என்பதால், முதலாவது கணக்கில் உங்கள் காணி 100 பேர்ச். இரண்டாவதில் 67 பேர்ச்சுக்குள் முடிந்துவிடும். குடியிருப்புக் காணி பெரும்பாலும் வரகுப் பரப்பாகத்தான் இருக்கும், என்றாலும் அனுமானத்தில் ஐந்து வீட்டுக்குத் திட்டம் கீறக்கூடாது. நில அளவையாளரை அழைத்துப் புதிதாக அளந்து, வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது யார் யாருடைய கையெழுத்து வேண்டும் என்பது. பெரியம்மாவுக்கு அது சீதனமாக வந்ததா, பெற்றோர் வழி வந்த முதுசமா, கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடியதேட்டமா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் மூன்றுக்கும் விதி வேறு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூல சம்மதத்தைச் சட்டம் கேட்கிறது. இது நியாயமில்லாத விதி என்பதே என் எண்ணம். ஆனால் அது இருக்கும்வரை பெரியப்பாவை மேசைக்கு வெளியே வைத்து ஒப்பந்தம் எழுத முடியாது. பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்கும்போது மற்றப் பங்காளருக்கும் உரித்தாளிகளுக்கும் (வாரிசுகளுக்கும்) வாங்குவதில் முதலுரிமை உண்டு. இதற்கென்றே 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் இருவரும் 'நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ' என்று தொலைபேசியில் சொன்னது நல்ல மனசு. நீதிமன்றத்தில் அது செல்லாது. அவர்கள் அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், எழுதி அனுப்பட்டும், அது இங்கே முறையாகப் பதியப்படட்டும். அந்தத் தத்துவம் உங்கள் பெயருக்கு வேண்டாம். பெரியம்மாவின் பெயருக்கோ, அவர்கள் நம்பும் இன்னொருவர் பெயருக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். கட்டுகிறவரும் காணிக்காரருக்காகக் கையெழுத்து வைக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், நாளைக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் உங்களால் பதில் சொல்ல இயலாது.

ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உரிமை சம்பந்தமான உடன்படிக்கை இப்படி எழுதப்படாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலுவில்லை. முத்திரை ஒட்டி வீட்டில் எழுதிய தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தாள்தான். எழுதிய பிறகு காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். அதற்கு முதல் அங்கே காணியின் பதிவேட்டைப் பார்த்து, காணியில் பழைய ஈடோ ஒத்தியோ (கடனுக்காகக் காணியைப் பிணை வைத்தது) வழக்கோ இருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.

ஒப்பந்தத்துக்குள் என்ன இருக்க வேண்டும்? 'இரண்டு வீடு உங்களுக்கு, மூன்று எனக்கு' என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த இரண்டு? ஒழுங்கை முகப்பா, பின்னாலா? எத்தனை சதுர அடி, தரைக்கு என்ன, யன்னலுக்கு என்ன மரம்? இவற்றை வரைபடத்தில் இலக்கமிட்டு எழுதுங்கள். அதைவிட முக்கியமானது வரிசை. முதலில் விற்பனை வீட்டைக் கட்டிக் காசாக்கி, அந்தக் காசில் காணிக்காரரின் வீட்டைக் கட்டலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் இதை ஏற்பதில்லை. முதல் அத்திவாரம் பெரியம்மாவின் வீட்டுக்கு. பிறகு விற்பனைக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று மாறி மாறி. காணியைத் தந்தவர் தன் வீட்டுக் கூரையைக் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் தாமதங்களை அவர் பொறுத்துக்கொள்வார். காணியை உங்கள் பெயருக்கு மாற்றவும் வேண்டாம். உட்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் பிரதேச சபையில் அனுமதி எடுத்த பிறகு, ஒவ்வொரு விற்பனை வீடும் முடிய முடிய உரிமையாளர்களே வாங்குபவருக்கு நேரே உறுதி எழுதிக் கொடுக்கட்டும்.

இனி நான் சொன்ன அந்தக் குழம்புகிற கட்டம். வேலை நின்றுபோனால், அதுவரை கட்டியதற்கு என்ன பெறுமதி? அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மொத்தச் செலவில் இத்தனை வீதம் என்று இப்போதே எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஏற்கும் ஒரு பொறியியலாளரின் அளவீடே முடிவு என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கான 550,000 ரூபாயும் கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அத்திவாரம் முடிந்ததா, அடுத்த காசு எப்போது என்று கணக்குப் பார்த்துப் பழகிய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் நிறைய.

ஒழுங்கைக்காரர் விடயத்துக்கு வருகிறேன். அவர்கள் லொறியைத்தான் சொல்கிறார்கள், ஆனால் லொறி மட்டும் அவர்களின் பயமாக இருக்காது. தண்ணீரைப் பற்றித்தான் அவர்கள் உள்ளுக்குள் பயப்படுகிறார்கள் என்பது என் ஊகம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. காலுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். ஒருவர் காணியில் இறங்கும் கழிவு மற்றவர் கிணற்றுக்குப் போக வழி தேட வேண்டியதில்லை. ஒரு வளவில் ஒரு மலசலகூடம் இருந்த இடத்தில் ஐந்து வரப்போகிறது என்றால் அயல் கேட்கத்தான் செய்யும், கேட்க வேண்டும்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இணுவில் பக்கம் ஒரு வளவில் வேலை தொடங்கி, பாவிக்காமல் கிடந்த பழைய கிணற்றை மூட ஆட்களை விட்டேன். உழவு இயந்திரம் முதல் பெட்டி மண்ணைப் பறிக்கப் பின்னுக்கு வர, பக்கத்து வளவு அம்மா ஒருவர் பழுப்பேறிய உறுதியோடு வந்து கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். அதில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்', அதாவது கிணற்றுக்குப் போகும் வழியையும் வாய்க்காலையும் பாவிக்கும் உரிமையும், என்று தெளிவாக இருந்தது. அவருடைய தாயாரின் சீதன உறுதி அது. நான் உரிமையாளரின் உறுதியை மட்டும் வாசித்திருந்தேன், அயலவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழை என்னுடையது. வேலை மூன்று மாதம் நின்றது. கடைசியில் கிணறு நின்றது, வீட்டின் வரைபடம்தான் மாறியது.

ஆகவே அளவையாளர் வருவதற்கு முந்தின கிழமை ஒவ்வொரு வீடாக ஏறுங்கள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது, ஊரில் முகம் அவருடையது. கிணற்றுப் பங்கு, வாய்க்கால், நடைபாதை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தப் பக்க வேலி யாருடையது என்றும் கேளுங்கள். எல்லைக்கல் போடும் நேரம் இரண்டு பக்கத்தாரும் நிற்கட்டும். கதியால் வேலியை எடுத்து மதில் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மதில் ஆறு அங்குலம் என்றாலும் அதன் அத்திவாரம் ஒன்றரை அடி அகலம். அது மண்ணுக்குக் கீழே பக்கத்து வளவுக்குள் போகாதபடி முழுதாக உங்கள் பக்கம் போடுங்கள்.

பிறகு, சுற்றிவர இருக்கும் கிணறுகளின் தண்ணீரை வேலை தொடங்க முதலே பரிசோதியுங்கள். நைத்திரேற்றும் உப்புத்தன்மையும் பார்த்தால் போதும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது தரம். இங்கே தோட்டப் பசளையால் ஏற்கெனவே அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. முடிவின் ஒரு பிரதியை அந்தந்த வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். செலவு பெரிதில்லை. நாளைக்கு 'உன்னால்தான் கெட்டது' என்ற பேச்சு வந்தால் இருவருக்கும் அது ஆதாரம். மலக்குழியை அடி திறந்த குழியாக வெட்டாமல், அடியும் பக்கமும் சீமெந்து பூசிய மூடிய தொட்டியாகக் கட்டுங்கள். தூரத்தை அளக்கும்போது உங்கள் கிணற்றில் இருந்து மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் இருக்கும் கிணறும் கணக்கு. பிரதேச சபை சொல்லும் தூரத்தைக் குறைந்தபட்சமாக எடுத்து, இடமிருந்தால் கூட விடுங்கள்.

மழை வெள்ளமும் அப்படியே. வளவைக் கிரவல் போட்டு இரண்டடி உயர்த்தினால் உங்கள் வீடு காயும், பக்கத்து வீட்டு முற்றம் குளமாகும். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் இன்னும் எல்லோர் மனதிலும் இருக்கிறது. தண்ணீர் இப்போது எந்தப் பக்கத்தால் ஓடுகிறது என்று ஒழுங்கைப் பெரியவர்களிடம் கேட்டு, அந்த வழியை வரைபடத்திலேயே விட்டுவையுங்கள்.

லொறிக்குத் தீர்வு இலகு. ஒழுங்கையை இப்போதே படம் எடுத்து, உடைந்தால் திருத்தித் தருவேன் என்று எழுதி, அதற்கென ஒரு தொகையைச் சனசமூக நிலையத்தின் பொறுப்பில் வைத்துவிடுங்கள். டிப்பர் றோட்டில் நிற்கட்டும், உள்ளே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போகலாம். பள்ளிக்கூட நேரத்தில் ஒன்றும் வரக்கூடாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிப் பாதைகள் மூடப்படும், அதற்கு முதலே சாமானை இறக்கிவிடுங்கள்.

இவ்வளவு கேட்பதும் சொல்வதும் தேவையா என்று நீங்கள் யோசிக்கலாம். வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற அரசாங்கத் திட்டம் வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது சரிவருமா, ஊர் மேசனுக்கு வேலை கிடைக்குமா என்று சனமும் துறைசார்ந்தவர்களும் கேட்டார்கள். மாதிரி வீட்டைக் கட்டிவிட்டு அதற்குப் பிறகுதான் சனத்திடம் கருத்துக் கேட்க வந்ததால் எதிர்ப்புத்தான் மிஞ்சியது.

கடைசியாகக் கடை. முதலாளியிடம் ரொக்க விலையையும் கடன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்ச் சீமெந்துப் பொதிக்கு ஒரு மாதக் கடனில் 60 ரூபாய் கூட என்றால் அது மாதம் 3 வீதம், வருடத்துக்கு 36 வீத வட்டி. அதைத் தெரிந்துகொண்டு எடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு. சீமெந்து விலை 2021 இல் இருந்து 2022 க்குள் ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறியதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். எனவே, காசு கட்டிய சாமானுக்கு அன்றைய விலை, மற்றதற்கு எடுக்கும் நாளின் விலை என்று எழுதிக்கொள்ளுங்கள். உடைக்காத பொதியைத் திருப்பி எடுப்பாரா என்றும் கேட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடையில் கட்டிப்போடாமல், கம்பியும் மணலும் வேறு வேறு ஆட்களிடம் எடுங்கள்.

பொருளை அளந்து எடுப்பது கடைக்காரருக்கு அவமரியாதை இல்லை, நல்ல கடைக்காரர் அதை விரும்புவார். 12 மில்லிமீற்றர்க் கம்பி ஆறு மீற்றர்த் துண்டு 5.3 கிலோ நிற்க வேண்டும், 10 மில்லிமீற்றர் 3.7 கிலோ. இரண்டு துண்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். மணல் வந்ததும் பெட்டிக்குள் ஏறி நீளம், அகலம், மட்டப்படுத்திய உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் பிரித்தால் கியூப். பத்தடி, ஆறடி, இரண்டரையடி என்றால் ஒன்றரைக் கியூப், அதற்கு மேல் காசு இல்லை. ஈர மணல் பொங்கி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மணலுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு லோட்டுக்கும் பாருங்கள். கடற்கரை மணல் மலிவென்று கொங்கிறீற்றுக்குப் போட்டால் உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

கனடாவுக்கு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஒரு பக்கம் அனுப்புங்கள்: ஒவ்வொரு வீட்டினதும் ஒரு படம், அந்த மாதம் முடிந்த கட்டம், கடையில் நிற்கும் கடன், அடுத்த மாதம் செய்யப்போவது. வேலை நடக்காத மாதமும் அனுப்புங்கள், ஏன் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதி.