பரிந்துரைக்கும் நியமனத்துக்கும் நடுவே

கேள்வி: உயர் நீதிமன்ற நீதிபதியாகக் கொலீஜியம் (நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகளின் குழு) பரிந்துரைத்தவரை மத்திய அரசு மறுக்க முடியுமா? முடியாதென்றால் சில பெயர்கள் மட்டும் ஏன் இழுபறியில் கிடக்கின்றன?

பதில்: அடியோடு மறுக்க முடியாது. காரணம் காட்டி ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அதே பெயரைக் கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பும் 1998 ஆலோசனைக் கருத்தும் வைத்த ஏற்பாடு இது. ஆனால் திருப்பியும் அனுப்பாமல், நியமிக்கவும் செய்யாமல் கோப்பைக் கிடப்பில் போட்டால்? அங்கேதான் அரசின் கை ஓங்குகிறது.

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயரைத் தேர்வார்கள். மாநில அரசின் கருத்தும் ஐபி (மத்திய உளவுத்துறை) அறிக்கையும் சேர்ந்த பிறகு, மத்திய சட்ட அமைச்சகம் வழியாக அது உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்குப் போகும். இழுபறியைத் தடுக்க 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது: ஐபி அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம்; அதுவும் மாநிலக் கருத்தும் கிடைத்தபின் மத்திய அரசு கோப்பை அனுப்ப 8 முதல் 12 வாரம்; மீண்டும் வலியுறுத்திய பெயரை நியமிக்க 3 முதல் 4 வாரம். கெடு தாண்டினால் நியமனம் தானாக நடந்துவிடாது. நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். குடியரசுத் தலைவர் கையொப்பத்தை அது வரவழைத்துவிடாது. காத்திருக்கும் வழக்கறிஞர்கள் சலித்துப்போய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் உண்டு. ஓய்வு வயது 62 என்பதால், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பதவிக்காலத்தில் கழிகிறது.

கேள்வி: ஒரே பட்டியலில் சிலரை முதலில் நியமித்தால் என்ன கெட்டுவிடும்? எப்படியும் எல்லோரும் வந்துவிடுகிறார்களே?

பதில்: சீனியாரிட்டி கெடும். அது பதவியேற்கும் வரிசைப்படி அமைகிறது. கொலீஜியத்தில் யார் உட்காருவார், யார் தலைமை நீதிபதியாவார் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 2018 ஜனவரியில் இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் இருவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். அரசு ஏப்ரலில் மல்ஹோத்ராவை நியமித்து, ஜோசப் பெயரைத் திருப்பியது. கொலீஜியம் மீண்டும் வலியுறுத்தியபின் ஆகஸ்டில் அவர் பதவியேற்றபோது, அன்றைய மூவரில் கடைசி ஆளாக வைக்கப்பட்டார்.

கேள்வி: நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வது சரியா? கொலீஜியத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையம் ஏன் ரத்தானது?

பதில்: வெளிப்படைத்தன்மை போதாது என்ற குறை நியாயமானதே. ஆனால் ஆணையத்தின் ஆறு பேரில் சட்ட அமைச்சரும் இரு ‘சிறந்த மனிதர்’களும் இருந்தார்கள்; எந்த இருவர் எதிர்த்தாலும் பெயர் விழுந்துவிடும். அதாவது மூன்று நீதிபதிகளும் சேர்ந்து ஆதரித்தாலும் பயனில்லை. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4:1 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது.