கிரியாட்டினின் சரியாக இருந்தும் சிறுநீரில் புரதம் இறங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 54. திருவட்டாறு அருகே ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறேன். இடுப்புவலி அதிகமானால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். அண்மைப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.0 என்றும், சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 110 என்றும் வந்துள்ளது. கிரியாட்டினின் சரியாக இருப்பதால் பயமில்லை என்கிறார்கள் சிலர். சர்க்கரை மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது, நிறுத்திவிடு என்கிறார்கள் வேறு சிலர். என் அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தசைகளில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன; அவற்றில் ஒரு பகுதி பழுதானாலும் எஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடுவதால், வடிகட்டும் திறன் பெருமளவு குறைந்த பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக உயரத் தொடங்கும். உங்கள் வயதுக்கு 1.0 என்பது, கணக்கிட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு 90 மில்லி லிட்டரை ஒட்டிய நல்ல திறனைத்தான் காட்டுகிறது. ஆனால் இரத்தத்தில் உள்ள புரதமான அல்புமினின் விகிதம் சிறுநீரில் 30-க்குள் இருக்க வேண்டும்; 30 முதல் 300 வரை இருப்பது, சல்லடையின் கண் விரிந்தாற்போல வடிகட்டியின் சுவர் தளர்ந்து புரதம் கசியத் தொடங்கியதன் அடையாளம். இந்தக் கட்டத்தில் காலில் நீரோ வலியோ பொதுவாக இருக்காது.

ஒரே முடிவை வைத்து நோயை உறுதி செய்வதும் சரியல்ல. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாளின் கடும் உழைப்பு, மிக உயர்ந்த சர்க்கரை ஆகியவற்றாலும் அல்புமின் தற்காலிகமாக ஏறலாம். ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், காலையில் கழிக்கும் முதல் சிறுநீரில் இன்னும் இரு முறை பாருங்கள். மூன்றில் இரண்டு உயர்ந்திருந்தால் அது சர்க்கரையால் வந்த சிறுநீரகப் பாதிப்பு என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே இறங்கினால் அதன் அளவைக் குறைப்பதும், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழக்கம். கழிவு சரியாக வெளியேறாத உடலில் அது தேங்கிவிடக்கூடும் என்பதே காரணம். கிட்னி கெட்டவர்களுக்கு மருத்துவர்கள் அதை நிறுத்துவதைப் பார்த்தவர்கள், அதுதான் கெடுத்தது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்த வேண்டாம்.

நிறுத்த வேண்டியது இடுப்புவலிக்கு நீங்களாக வாங்கும் மாத்திரையைத்தான். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. அதிகாலையிலிருந்து வியர்த்து உழைத்து உடலில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அவற்றை விழுங்குவது இரட்டை ஆபத்து. தவிர்க்க முடியாத வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில், போதும். நம் குமரி மாவட்டத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கொழுப்புக் குறையும் என்று புளிச்சக்காய், அதாவது பிலிம்பிக்காய், சாற்றைப் பிழிந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து திடீர்ச் செயலிழப்பு வந்த நோயாளிகள் கேரளத்தில் பதிவாகியுள்ளனர். மீன்குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, டம்ளர் கணக்கில் சாறு குடிப்பது வேறு. உலோகப் பற்பங்கள் சேர்ந்த மருந்துகளையும் யாரும் சொன்னார்கள் என்று சாப்பிடாதீர்கள்.

இனி சிகிச்சை. அம்லோடிபின் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, புரதக் கசிவை அவ்வளவாகக் குறைப்பதில்லை. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் அல்லது ராமிப்ரில், எனலாப்ரில் வகையில் ஒன்று வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே தணிக்கும் என்பதால், அதைச் சேர்ப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் உயர்ந்தால் அது மருந்து வேலை செய்வதன் பக்கவிளைவுதான், பயந்து நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதோடு, டயாலிசிஸ் வரை போகும் வேகத்தையும் குறைக்கின்றன என்பது 2019-க்குப் பின் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி, பேதி, நோன்பு நாட்களில் இவற்றை இடைநிறுத்த வேண்டும். இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி 7-ஐ ஒட்டியும் இருப்பது உங்களுக்கான இலக்கு.

உணவில் முதலில் கைவைக்க வேண்டியது உப்பில். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அன்றாடம் வேண்டாம். மீனை விட வேண்டியதில்லை. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்) சர்க்கரையைக் கருதி அளவோடு. பொட்டாசியம் உயராத வரை அதற்காகத் தனிப் பத்தியம் இப்போது தேவையில்லை.

உங்கள் அண்ணனின் நிலை உங்களுக்கும் வந்தே தீரும் என்பதில்லை, ஆனால் இப்பாதிப்பு ஒரே குடும்பத்தில் பலருக்கு வரும் இயல்புடையது. உடன்பிறந்தவர்கள் வேறு எவருக்கேனும் சர்க்கரை இருந்தால், அவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை இதே அல்புமின் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். நீங்கள் அத்துடன் விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு சிறிதும் இல்லாமல் சிறுநீரில் மட்டும் புரதம் வேகமாக ஏறினால், வேறு சிறுநீரக நோய் உண்டா என்று சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.