அம்மாவின் பிடியரிசி

அன்புள்ள ஐயா,

என் அம்மா சென்ற மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரம் பக்கத்தில் சிறிய ஊர் எங்களுடையது. நினைவு ஆராதனைக்கு ஒரு மலர் அச்சிடுகிறோம். தமிழ் படித்தவன் என்று சொல்லி அதை எழுதும் பொறுப்பை அக்கா என் தலையில் கட்டிவிட்டாள்.

அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். வேலைக்குப் போனதில்லை, மேடை ஏறியதில்லை. அடுக்களை, கோவில், பெண்கள் ஐக்கிய சங்கம், அவ்வளவுதான் அவர்கள் உலகம். உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைக் கோவிலுக்கென்று தனி டப்பாவில் போடுவார்கள். பைபிள் ஓரங்களில் பென்சிலால் ஏதேதோ பெயரும் தேதியும் குறித்திருக்கிறார்கள். அது தாள்தாளாகக் கிழிந்து தொங்குவதால் பைண்டு செய்யக் கொடுக்கப் போகிறோம். இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? ‘குணசாலியான ஸ்திரீ’, ‘ஜெப வீராங்கனை’ என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன். நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவை இழந்து நிற்கும் உங்களுக்கும் அக்காவுக்கும் என் ஆழ்ந்த அனுதாபம்.

அந்தப் பட்டங்களை அடித்தது நல்ல காரியம். அவை எந்த அம்மாவுக்கும் பொருந்தும். அதனாலேயே உங்கள் அம்மா அவற்றுக்குள் இல்லை. அடித்த கையோடு பைபிளில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைப் பத்தாம் வசனத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை படியுங்கள். நம் அடக்க ஆராதனைகளில் ‘குணசாலியான ஸ்திரீ’ என்று தொடங்கும் அதன் முதல் வரியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கை செய்த வேலைகளின் கணக்கு. ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு ஆகாரம் கொடுக்கிறாள், வயலை விசாரித்து வாங்குகிறாள், ஏழைகளுக்குக் கை நீட்டுகிறாள். எழுதியவருக்கு அவள் என்னென்ன செய்தாள் என்று தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அதை ஒற்றை வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

பிடியரிசியைத்தான் சொல்கிறேன். அதை வெறும் வழக்கம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவிலும் அந்த டப்பா இல்லாத வீடு குறைவு. அரிசியை மூட்டையிலிருந்து தனியாக எடுக்க மாட்டார்கள். வீட்டில் இத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து உழக்கால் அளந்து போட்ட பிறகு, அந்த அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடியைத் திரும்ப எடுப்பார்கள். ஆக, அன்றைய சோற்றில் யாருக்கோ ஒரு பிடி குறையும். கை இறுகியிருந்த மாதங்களில் அது யாருடைய தட்டில் குறைந்தது என்று அக்காவிடம் கேளுங்கள். பதில் உங்களுக்கே தெரிந்திருக்கலாம். இருந்தாலும் அக்காவின் வாயால் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து வீடுகளில் பெண்களின் கையில் காசு புழங்கியதில்லை. ஞாயிறு காணிக்கைக்கும் கணவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அரிசி மட்டும் அவர்கள் ஆளுகைக்குள் இருந்தது. யாரிடமும் கேட்காமல், தானே தீர்மானித்து அவர்கள் கொடுக்க முடிந்த காணிக்கை அந்த ஒரு பிடிதான். என் கண்ணுக்கு அதில் பக்தியோடு சேர்ந்து ஒரு நிமிர்வும் தெரிகிறது.

இந்தப் பிடியரிசி நம் ஊர்களோடு நிற்கவில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிஜாம் ஆட்சியிலிருந்த டோர்னக்கல் பகுதிக்கு அவர்கள் ஊழியர்களை அனுப்பினார்கள். 1912இல் அசரியா அங்கே பேராயரானார். அந்தத் தெலுங்கு கிராமங்களின் ஏழைப் பெண்களும் ஒவ்வொரு சமையலிலும் ஒரு பிடி தானியம் எடுத்துவைத்துக் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். மிசோரமில் 1910இல் பெண்கள் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்குள்ள திருச்சபையின் முக்கிய வருமானங்களில் ஒன்று. மெஞ்ஞானபுரம் கோவில் என்றதும் அதைக் கட்டிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயரின் பெயரைச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் சபைகளை ஆண்டுக்கணக்கில் தாங்கிய அடுக்களைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. உங்கள் மலரிலாவது ஒரு அடுக்களை இருக்கட்டும்.

உரிமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடியுமுன் அவர்கள் முழங்காலில் நின்றதைப் பாயில் படுத்தபடி நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த முணுமுணுப்பில் யார் யார் பெயர் வந்தது என்றும் கேட்டிருப்பீர்கள். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? உங்களுக்கு இல்லாத விசுவாசத்தை இருப்பதுபோல எழுதாதீர்கள், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. “நான் கோவிலுக்குப் போவதில்லை, அம்மா கடைசிவரை எனக்காக ஜெபித்தார்கள்” என்று எழுதுங்கள். சபையார் முகம் சுளிப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு மகனோ மகளோ இருப்பார்கள்.

அம்மாவின் கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, காய் நறுக்க உட்கார்ந்த இடத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். அதே பெண்கள் அடுத்த வாரம் ஜெபக் கூட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து கண்ணீர் விட்டதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் சங்கத்துத் தோழிகளை ஒருநாள் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத அம்மா ஒருவர் அவர்களிடம் இருப்பார். அவர்களுக்கும் வயதாகிறது, தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பைபிளை மட்டும் அவசரப்பட்டு பைண்டு செய்யக் கொடுத்துவிடாதீர்கள். பைண்டு செய்கிறவர்கள் தைத்து முடித்ததும் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிச் சமன் செய்வார்கள். அம்மா எழுதியது அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. எழுத்தாக அவர்கள் விட்டுச் சென்றது அநேகமாக அது ஒன்றுதான். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல்வரை ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பென்சில் மங்கிய இடங்களைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். பெயர்களையும் தேதிகளையும் ஒரு நோட்டில் படியெடுத்து, எந்த வசனத்துக்கு எதிரே எந்தப் பெயர் என்று குறித்துக்கொண்டு, அது யார், அன்று என்ன நடந்தது என்று அக்காவிடம் கேளுங்கள். மலருக்கு வேண்டியது அதிலேயே கிடைத்துவிடும். உங்கள் பெயரும் எங்கேயாவது இருக்கும், பாருங்கள்.