லக்ராஸுக்காகத் தனியார் பள்ளியா?

கேள்வி: பால்டிமோர் அருகே வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகன், வலை பொருத்திய கோலால் பந்தைப் பிடித்து வீசும் லக்ராஸ் ஆட்டத்தில் மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரன்). கல்லூரி அணியில் இடம் கிடைக்க, பெயர்பெற்ற தனியார் பள்ளியில் சேர்ப்பதா, வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியே போதுமா?

பத்தாம் வகுப்புக்குள் எந்தப் பள்ளி அவனை வர்சிட்டி (பள்ளியின் முதன்மை) அணியில் ஆடவிடுமோ, அங்கே சேருங்கள். பள்ளியின் பெயர் இரண்டாம்பட்சம்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, அதன் உச்சப் பிரிவான டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை மாணவனிடம் பேசக்கூடாது. 2017-இல் வந்த நல்ல விதி இது. அதற்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இடம் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் பேசத்தான் தடை. யாரை அழைப்பது என்ற பட்டியல் அந்தத் தேதிக்குள் தயாராகிவிடும். அதைத் தீர்மானிப்பவை ஒன்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்களும் ஆட்ட வீடியோவும் கோடைக்காலப் போட்டிகளும்தான்.

கல்லூரி சீசன் பிப்ரவரி முதல் மே இறுதி வரை. பள்ளி சீசனும் ஏறத்தாழ அதேதான். தன் அணியை விட்டுவிட்டுக் கல்லூரிக் கோச் உங்கள் பள்ளி மைதானத்துக்கு வருவது அரிது. அவர் அதிகம் பார்ப்பது ஜூன், ஜூலையிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் கிளப் போட்டிகளை. அப்படியானால் எம்ஐஏஏ (மேரிலாண்ட் தனியார் பள்ளிகளின் விளையாட்டுச் சங்கம்) 'ஏ' பிரிவுப் பள்ளிகளால் பயன் இல்லையா? உண்டு. நாளைய டிவிஷன் 1 வீரர்களோடு தினமும் பயிற்சி செய்வதற்கு ஈடில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் அதில் பாதிதான் கைக்கு வரும்.

மிட்ஃபீல்டில் ஒரு நேரத்தில் மூவர் ஆடினாலும், ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆறேழு பேருக்கு வாய்ப்பு உண்டு. உங்கள் மகன் கோல் காக்கும் கோலி என்றால் கதை வேறு, அங்கே ஒருவருக்குத்தான் இடம். அதே வகுப்பில் நல்ல கோலி இருக்கும் பள்ளியை அப்போது நான் தவிர்க்கவே சொல்லியிருப்பேன். பள்ளிக் கோச்சிடம் கேளுங்கள்: இவன் வகுப்பிலும் மேல்வகுப்பிலும் எத்தனை மிட்ஃபீல்டர்கள்? எல்லா ஆட்டங்களும் வீடியோவாகின்றனவா? இலையுதிர் காலக் கிளப் போட்டிகளுக்கு விடுவீர்களா? கல்லூரி அணிகளுக்குப் போனவர்களில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்தவர்கள் எத்தனை பேர்? ஏற்கெனவே தேறிய ஆட்டக்காரர்கள் நடுவில் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்து, கல்லூரிக்குப் போனவர்கள் பட்டியலை நீளமாக்குவது உண்டு.

மதிப்பெண்ணில் கவனம் தளரக் கூடாது. டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிய வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். பள்ளியின் எந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்பதை என்சிஏஏ தகுதி மையத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) 2.3 என்பது வாசற்படி மட்டுமே. ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஐவி லீகிலும், 200-க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ள டிவிஷன் 3-யிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே கோச் விரும்பினாலும் மதிப்பெண் இல்லாமல் அனுமதி கிடைக்காது. கடினமான பள்ளியில் 'ஏ' வாங்கியவன் 'சி'-க்கு இறங்கினால் அந்தக் கதவுகள் மூடிவிடும்.

வயதுச் சாதகத்துக்காக ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்கவைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்வதானால் எட்டாம் வகுப்புக்குள்ளேயே செய்துவிடுங்கள். ஒன்பது தொடங்கியதும், அந்த அடிப்படைப் பாடங்களை முடிப்பதற்கான நான்கு ஆண்டுக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். ஒன்பதைத் திரும்பப் படித்தாலும் அது நிற்காது.

பல தனியார் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 30,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகையில் அதை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். லக்ராஸில் பெரும்பாலும் கிடைப்பது பகுதி உதவிதான்.

வரும் ஏப்ரலில் இரண்டு பள்ளிகளின் ஆட்டங்களையும் நேரில் பாருங்கள். முதல் மூவருக்கு மாற்றாக இரண்டாவது மிட்ஃபீல்ட் வரிசையில் இறங்குபவர்கள் எந்த வகுப்பு என்று அணிப் பட்டியலோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.