கிலோ கணக்குப் பட்டு வேண்டாம், காடாத் துணி வாங்குங்கள்

கேள்வி: சங்ககிரி பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குத் தீரன் சின்னமலை நாடகம் போடுகிறோம். 20 பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து உடை தைக்க வேண்டும். ஒரு புரோக்கர், சுத்தப் பட்டு கட்பீஸ் கிலோ கணக்கில் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒன்றை யோசியுங்கள். பட்டுச்சேலையும் வெண்பட்டு வேட்டியும் தறியிலிருந்து முழுசாக இறங்குபவை. அதில் கிலோ கிலோவாக வெட்டுத்துண்டு எங்கிருந்து மிஞ்சும்? உங்களிடம் வருவது பெரும்பாலும் விசைத்தறியில் ஓடிய செயற்கை இழைத் துணியாகத்தான் இருக்கும். புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். தையல்காரர் "என் பேரைச் சொல்லுங்கள்" என்று ஒரு கடையைக் காட்டினாலும் இதே கதைதான்.

"கொளுத்திப் பாருங்கள்" என்று அவரே தைரியமாகச் சொல்வார். தன் கையால் ஓரத்து இழை ஒன்றை உருவியும் தருவார். அதை வாங்காதீர்கள். துணியின் நடுவிலிருந்து நெடுக்கே ஓடும் பாவு இழை ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்று, இரண்டையும் நீங்களே உருவுங்கள். பாவில் பட்டும் ஊடையில் வேறெதுவும் வைத்து நெய்வது வழக்கமான தந்திரம். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். ரேயான் காகிதம் போல எரியும்.

உங்கள் நாடகத்துக்குப் பட்டே தேவையில்லை என்பேன். சின்னமலையைத் தூக்கிலிட்டது 1805-இல். பாலியஸ்டர் பிறந்தது 1941-இல். பளபளக்கும் வெல்வெட் அங்கியும் நைலான் தலைப்பாகையும் வாடகைக்கடைக்காரர் பழக்கிவிட்ட ராஜா வேஷம். நாடகத்தில் தீப்பந்தம் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகித் தோலில் ஒட்டாது. எதைத் தைத்தாலும் பந்தத்தைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் காக்கி கேட்காதீர்கள். காக்கி 1840-களில்தான் தலைகாட்டுகிறது. சிவப்புக் கோட்டுதான் சரி. அசலில் அது கம்பளி, சேலத்து வெயிலில் பிள்ளை மயங்கி விழும். யூனிபாரத்துக்கு வரும் சிவப்பு ட்ரில் பருத்தி போதும், 44 அங்குல அகலத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டேகால் மீட்டர். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாயம் விட்டால், மார்பின் குறுக்கே போடும் வெள்ளை வார் இரண்டாவது காட்சியிலேயே ரோஸ் ஆகிவிடும். மதராஸ் சிப்பாய்களுக்கும் சிவப்புக் கோட்டுதான். வேலூரில் கலகத்தைக் கிளப்பிய, தோல் வைத்த புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு வந்தது 1805 நவம்பரில், சின்னமலை இறந்த பிறகு. அதை மாட்டிவிடாதீர்கள்.

சின்னமலைக்கும் அவர் ஆட்களுக்கும் காடாத் துணியும் (வெளுக்காத முரட்டுப் பருத்தி) மல் துணியும் (மெல்லிய பருத்தி) போதும். சேலத்தில் முதல் அக்ரஹாரத்திலோ சின்னக்கடை வீதியிலோ நீங்களே போய்க் கேளுங்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவதானால் திங்கள் இரவு. கஞ்சி ஏற்றிய துணியைக் கசக்கினால் மாவு உதிரும். அந்தக் கனத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். காடா நனைந்தால் சுருங்கும், ஆகவே ஒரு இரவு ஊறவைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வையுங்கள்.

செயற்கைப் பொருளுக்கு ஒரே ஒரு இடம் விடுகிறேன்: ஜரிகை. சின்னமலையின் அங்கவஸ்திரக் கரைக்கும் அதிகாரியின் தோள்பட்டைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையே வையுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. விலை உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும், வேர்வை பட்டுக் கறுக்கவும் கறுக்கும். செம்பில் செய்த இமிடேஷன் இன்னும் சீக்கிரம் கறுக்கும். பிளாஸ்டிக்கோ கறுக்காது, மூன்றாம் வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் கரையில் மட்டும். உடம்பு முழுக்க வேண்டாம், பந்தம் பிடிப்பவருக்கு அதுவும் வேண்டாம். இஸ்திரிப்பெட்டியை நேராக வைத்தால் சுருண்டுவிடும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள்.

அடுத்தது பள்ளிக் கணக்கு. மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். ஒரே குடும்பம் மூன்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவதும், அதில் எது குறைவு என்று நாம் மும்முரமாக ஒப்பிடுவதும் எல்லோருக்கும் தெரிந்த கூத்து. ஆடி பதினெட்டு நகராது, அனுமதிக் கோப்பு மட்டும் பதினேழாம் தேதிதான் கையெழுத்தாகும். தலைமையாசிரியரிடம் இப்போதே முன்பணம் கேளுங்கள். பில்லில் "பருத்தித் துணி", மீட்டர், விலை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். "நாடகச் சாமான்" என்று ஒற்றை வரியில் இருந்தால் ஆடிட்காரர் அடுத்த ஆடி வரை உங்களை நடக்க விடுவார்.